எந்தக் காது

பை மடியில் வந்து இறங்கிய பிறகுதான் சகாயராணி நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இதக் கொஞ்சம் வச்சுக்கோங்க" என்ற குரல் மட்டும் அங்கே மிச்சம் இருந்தது. குரலுக்குரியவளைக் கூட்டம் அதற்குள் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. கடுகு நிறச் சுடிதார்க் கை, மணிக்கட்டுக்கு மேல் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு, அவ்வளவுதான் கண்ணில் பட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துவாக்குடி போகிற டவுன் பஸ்ஸில் சாயங்கால நேரத்தில் இது வழக்கம்தான். நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் பையை, குடையை, சில சமயம் குழந்தையையே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். நீ யார், எந்த ஊர் என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்வதில்லை. துணிப்பை. அடியில் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ தூக்குப்பாத்திரம் சாய்ந்து நிற்கிறது என்று தொட்டதும் தெரிந்தது. அவள் பையின் வாயை இரண்டு கைகளாலும் சேர்த்து மேலே தூக்கி, பாத்திரத்தை நிமிர்த்தி, முழங்காலால் அணை கொடுத்துக்கொண்டாள். அவளுடைய சொந்தக் கைப்பை அடியில் மாட்டிக்கொண்டது. அதற்குள் இருந்த ஃபோன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது வயிற்றில் தெரிந்தது. எடுக்க முடியாது. கையை எடுத்தால் பாத்திரம் சாயும். நட்டுவாக்காலியாகத்தான் இருக்கும். இன்று ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள் அக்கா என்று காலையிலேயே எழுதியிருந்தான்.

நட்டுவாக்காலி என்பது அவன் வைத்துக்கொண்ட பேர். நிஜப் பேர் தனசேகரோ குணசேகரோ, பெங்களூரில் வேலை. எறும்பூர் என்ற இடத்தை நடத்துகிற இரண்டு மூன்று பேரில் ஒருவன். இடம் என்றுதான் அவள் மனதில் வரும். ஃபோனுக்குள் இருக்கிற ஒன்றை இடம் என்று சொன்னால் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. ஊரே போய்க் கிடக்கிற பெரிய தளங்களைப் போல அதற்கு முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது. எங்கோ வாடகைக்கு எடுத்த ஒரு கம்ப்யூட்டர், அதில் குடியிருக்கிற முந்நூறு சொச்சம் பேர். இதே மாதிரி சின்னச் சின்ன ஊர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பேசிக்கொள்ளலாம், ஆனால் எந்த ஊரும் எந்த ஊருக்கும் கீழே இல்லை என்று அவன் ஒருமுறை விளக்கினான். "போலீஸ் கெடையாது, முனிசிபாலிட்டி கெடையாதுக்கா. நாமதான் கூட்டணும், நாமதான் கேட்டப் பூட்டணும்." அவள் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு தவறால். மூன்று வருஷம் முன்பு, அம்மா செத்துப்போன மறு மாசம், ஒரு மத்தியான வெயிலில் திருவெறும்பூர் முழுக்கக் கரண்ட் இல்லை. வீட்டில் அவள் மட்டும். அம்மா இருந்தபோது கரண்ட் போனால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டே இருப்பாள். அன்று விசிறி கையில் இருந்தது, விசிற ஆள் இல்லை. ஃபோனில் 'எறும்பூர் மின்தடை' என்று தேடினாள். எறும்பூர் என்று பேர் போட்ட ஒரு பக்கம் வந்தது. ஏதோ ஊர்க்காரர்கள் குழு போலிருக்கிறது என்று பேர் பதிந்து, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டுவிட்டாள். உப்புமா என்ற பேரில் இருந்த யாரோ பதில் எழுதினார்கள். "இது அந்த எறும்பூர் இல்லீங்க. இங்க இருக்கிறவங்க ஆளுக்கொரு ஊரு. இருந்தாலும் கேட்டுட்டீங்க, விசாரிச்சுச் சொல்றேன்." விசாரித்துச் சொன்னார்கள். அங்கங்கே நம்பர் தேடி, ஈபி ஆபீசுக்கே ஃபோன் போட்டு, டிரான்ஸ்பார்மர் வேலை நடக்கிறது, நாலு மணிக்கு வந்துவிடும் என்று. நாலு மணிக்கு வரவில்லை. ஆனால் அதற்குள் அவளுக்கு அழுகை நின்றிருந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல கபடி ஆடலாம் போல எடம் கெடக்கு, வாசல்லயே நின்னா எப்படி?" கண்டக்டர் கத்திக்கொண்டே முன்னால் வந்தார். காந்தி மார்க்கெட்டில் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். பக்கத்து சீட்டுக்காரம்மா மடியில் முருங்கைக்கீரைக் கட்டு. "ஒங்க பொண்ணுதா பை?" என்றாள். "இல்லீங்க. தெரியாது." "தெரியாமத்தான் கட்டிப்புடிச்சிட்டு ஒக்காந்திருக்கீங்களா?" என்று சிரித்து, மூக்கை நீட்டி, "ரசம். மிளகு தூக்கலா" என்று தீர்ப்பும் சொன்னாள். ஜன்னல் காற்று இடது காதுக்குள் நேராகப் புகுந்தது. சகாயராணி தோளைத் தூக்கிக் காதை அதில் அழுத்திக்கொண்டாள். முந்தானையை இழுத்து மூடலாம், அதற்கும் கை வேண்டும். ஒரு வாரமாக இந்த வலி. கடை ஏசியா, பஸ் காற்றா தெரியவில்லை. கடையில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஓனர் அம்மா தனக்குத் தெரிந்த டாக்டரின் கதையை ஆரம்பிப்பாள். அண்ணன் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசியபோது சொன்னாள். பூண்டு எண்ணெய் விடு என்றான், உடனே மகனுடைய ஃபீஸ் விஷயத்துக்குப் போய்விட்டான். மூன்று நாள் முன்பு எறும்பூர் வாசலிலும் ஒரு வரி எழுதினாள், காது வலி, அதனால் இன்று சீக்கிரம் போகிறேன் என்று. வாசல் என்பது புதிதாக வருகிறவர்கள் காத்திருக்கிற இடம். அவர்கள் எழுதுவது ஊருக்குள் தெரியாது. உள்ளூர்க்காரர்களில் சிலர் முறை போட்டு வாசலில் உட்கார்ந்து அவர்களோடு பேசுவார்கள். இந்த மாசம் அவள் முறை.

புதியவருக்கு உள்ளே இருக்கிற யாராவது ஒருவர் கை கொடுக்க வேண்டும். கை கொடுப்பது என்றால் பொத்தானை அமுக்குவது மட்டும் இல்லை, ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நல்லவர், நம்பலாம், எனக்கு வேண்டியவர் என்றெல்லாம் எழுதினால் நட்டுவாக்காலி அழித்துவிடுவான். "கேரக்டர் சர்ட்டிபிகேட் ஸ்கூல்ல வாங்கிக்கட்டும். நீங்களே பார்த்த ஒண்ணு சொல்லுங்க, போதும்." அதுதான் விதி. நீங்களே பார்த்த ஒன்று. காத்திருப்பு நாள் முடிவதற்குள் யாரும் கை கொடுக்காவிட்டால் அந்தக் கணக்கு தானாக அழிந்துவிடும். கோபம் ஒன்றும் இல்லை, இடம் சின்னது, அவ்வளவுதான். கை கொடுக்கப்பட்டவர் பின்னால் ஏதாவது அக்கிரமம் செய்தால் கை கொடுத்தவரின் கை ஒரு வருஷத்துக்கு மூடப்படும், அதுவரை அவர் வேறு யாருக்கும் கை கொடுக்க முடியாது. அவளுக்குக் கை கொடுத்தது உப்புமா. அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கண்ணாடிகளைத் துடைத்து வரிசையில் வைக்கும்போது, அது தானாகவே உள்ளே ஓடும். 'இவர் தன் ஊரில் கரண்ட் இல்லை என்று கேட்டு வந்தார். கரண்ட் வந்த பிறகும் மறுநாள் வந்து, உங்கள் ஊரில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டார்.' தான் அப்படிக் கேட்டதே அதைப் படித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. யாரோ ஒருவர் அதைப் பார்த்து வைத்திருக்கிறார். நாற்பத்தாறு வயசு வரைக்கும் அவளைப் பற்றி எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பானவள், பாவம், அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே காலம் போய்விட்டது. பார்த்ததை யாரும் சொன்னதில்லை. உப்புமா ஆணா பெண்ணா என்றுகூட இதுவரை தெரியாது. கேட்கத் தோன்றவும் இல்லை.

பால்பண்ணையில் பஸ் நின்று நகர்ந்தது. பின்னால் கடுகு நிறம் தெரிகிறதா என்று கழுத்தைத் திருப்பினாள், காது இழுத்தது, முதுகுகளும் அக்குள்களும் தவிர எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் எங்கே இறங்குவாள் என்று கேட்டு வைத்திருக்கலாம். கேட்காமல் வாங்கிக்கொண்டதுதான் தப்பு. கேட்காமல் என்று நினைத்ததும் மனதில் சாரல் வந்து நின்றான். எதை நினைத்தாலும் அவனிடம்தான் போய் முட்டுகிறது இப்போதெல்லாம். சாரல் போன வருஷம் வேறு ஊரிலிருந்து வந்தவன். உப்புமாதான் கை கொடுத்தார். 'ஆறு மாதமாகப் பக்கத்து ஊரிலிருந்து என் பதிவுகளுக்குப் பதில் எழுதுகிறார். மறுத்துப் பேசியிருக்கிறார், ஒருமுறைகூட மரியாதை குறைந்ததில்லை.' அது பொய் இல்லை. அவள் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டாள், அந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. பார்த்தது நிஜம். பார்க்காதது வேறாக இருந்தது. தலைவலி என்று யார் எழுதினாலும் தைலம் சொல்வான், தூக்கம் வரவில்லை என்றால் கசகசாப் பால் சொல்வான். அவளுக்கே குதிகால் வலிக்கு வெந்நீரில் கல்லுப்பு சொல்லியிருக்கிறான், அவளும் நன்றி தம்பி என்று எழுதியிருக்கிறாள். சோளப்பொரி என்று ஒரு காலேஜ் பெண் இருந்தாள், பரீட்சை பயம் பற்றியே எழுதுவாள், எல்லோரும் அவளைக் கிண்டல் செய்வார்கள். சாரல் அவளோடு தனியாகப் பேசிப் பேசிப் படம் வாங்கி, பிறகு அந்தப் படத்தை வைத்தே மிரட்டியிருக்கிறான். தெரிந்த அன்றைக்கே அவனை நீக்கிவிட்டார்கள். அதற்குள் சோளப்பொரி எழுதினதையெல்லாம் அழித்துவிட்டுப் போயிருந்தாள். அவளைக் கிண்டல் செய்த பதில்கள் மட்டும் கேள்வி இல்லாத பதில்களாக இன்னும் அங்கங்கே தொங்குகின்றன. விதிப்படி உப்புமாவின் கை மூடப்படுகிறது என்று ஒரு வரி அறிவிப்பு வந்தது. உப்புமா கீழே 'சரிதான்' என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கை மூடினால் வாய் மூட வேண்டும் என்று விதி இல்லை. ஆனாலும் எழுதவில்லை. சகாயராணி மாசத்துக்கு ஒருமுறை அவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்புவாள், உங்கள் ஊரில் கரண்ட் இருக்கிறதா என்று. பதில் வந்ததில்லை.

அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது. கடை விட்டு வந்து, குக்கரை வைத்துவிட்டு, ஃபோனை எடுத்தால் போக ஓர் இடம் இருக்கிறது. இன்றைக்குக் கடைக்கு வந்த ஆள் இரண்டு கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார் என்று எழுதினால் சிரிக்க ஆள் இருக்கிறது. அவளும் ஒரு நாள் சரிதான் என்று எழுதிவிட்டு, அந்த முந்நூறு பேர் பேசிக்கொள்வதைச் சுவர் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிவிட்டால். அதைவிட, இன்னொரு சோளப்பொரி போய்விட்டால். வாசலில் இப்போது காத்திருக்கிறவள் பேர் இரண்டாம்மாடி. அவள் என்றுதான் சொல்லிக்கொள்கிறாள், யார் கண்டது. வடக்கே ஏதோ மில் ஊரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறாளாம். புருஷனுக்கு ஷிப்டு வேலை, அவரும் தமிழ் இல்லை. முதல் நாள், எங்களில் யாரையாவது தெரியுமா என்று வழக்கமான கேள்வியைச் சகாயராணி கேட்டாள். "யாரையும் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க இருந்தா ஏன் இங்க வரப்போறேன்?" என்று வந்தது. கடைசியாக எப்போது தமிழ் பேசினீர்கள் என்று சும்மா கேட்டதற்கு, "போன மாசம். காஸ் சிலிண்டர்ல கால் இடிச்சப்ப. ஒரே ஒரு வார்த்தை. இங்க எழுத முடியாது" என்று வந்தது. சகாயராணி அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள். சிரித்ததும் பயம் வந்தது. சாரலும் சிரிக்க வைப்பான்.

"அதான்க்கா சந்தேகமே" என்றான் நட்டுவாக்காலி, முந்தாநாள் குரல் பதிவு அனுப்பியபோது. பின்னால் ஹோட்டல் பாத்திரச் சத்தம், சாப்பிட்டுக்கொண்டே பேசினான். "வேற எந்த ஊர்லயும் கணக்கு இல்ல, ஃபோட்டோ இல்ல, யாரையும் தெரியாது, ஆனா ரொம்ப நல்லாப் பேசுது. இப்பல்லாம் மிஷினே இப்படிப் பேசும்க்கா. நாலு நாள் பாசமாப் பேசும், உள்ள வந்ததும் லிங்க்கு அனுப்பும். நான் வேணாம்னு சொல்லல. நான் பாத்தது ஒண்ணும் இல்ல, அதனால நான் கை குடுக்க முடியாது. நீங்க பாத்திருந்தா குடுங்க. பயமா இருந்தா விட்டுருங்க, எறும்பு ஒண்ணு கொறஞ்சா புத்து இடிஞ்சுடாது." அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரையும் தெரியாதவளை எப்படி நம்புவது, யாரும் நம்பாவிட்டால் அவளுக்கு எப்படி யாரையாவது தெரியும். இந்த இடத்துக்கு வந்ததும் அவளுடைய யோசனை ஒவ்வொரு முறையும் நின்றுவிடும், நூல் ஊசிக் காதில் இரண்டாகப் பிரிந்து நிற்பது மாதிரி. எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி ஆரம்பிப்பாள். தனியாக இருக்கிறவளுக்குத் தனியாக இருக்கிறவள் பேசினால் நிஜம் போலத்தான் தோன்றும். அது நிஜத்துக்கு அத்தாட்சி ஆகுமா. தனக்கு ஒருத்தி வேண்டும் என்பதற்காக ஊருக்குள் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகலாமா. நேற்று இரண்டாம்மாடி எழுதினாள்: "நாளையோட என் நாள் முடியுதுன்னு காட்டுது. நீங்க சங்கடப்படாதீங்க. இத்தனை நாள் தமிழ்ல பேசினதே போதும். காது எப்படி இருக்கு?" காது. மூன்று நாளாக அவள் அதைக் கேட்கிறாள். காது வலி என்று எழுதிய அன்று, அதற்குக் கீழே உடனே கேட்டாள், எந்தக் காது என்று. சகாயராணி பதில் சொல்லவில்லை. சாரலுக்குப் பிறகு வாசல்காரர்களுக்கு ஒரு புது விதி, புதியவர்களிடம் வீடு, உடம்பு, வேலை பற்றி விவரம் சொல்லக்கூடாது. வலி என்று எழுதினதே அதிகம். மறுநாள் கேட்டாள், குறைஞ்சுதா, எந்தக் காதுன்னு சொல்லலையே. சகாயராணி பேச்சை மாற்றிவிட்டாள்.

அரியமங்கலம் தாண்டியதும் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. ரசத்தின் சூடு புடவை வழியாகத் தொடைக்கு இறங்கி இதமாக இருந்தது. ஒரு குழந்தையை வைத்திருப்பதுபோல் இருக்கிறது என்று நினைத்தாள், உடனே அந்த நினைப்பைத் தள்ளினாள். எந்தக் காது. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் கேட்கிற கேள்வி அது. கண்ணாடி வாங்கிப் போனவர்கள் இரண்டு நாளில் திரும்பி வருவார்கள், காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்று. எந்தக் காது சார் என்று கேட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்ப்பாள். கண்ணாடியைக் கழற்றினதும் அவர்கள் முகம் பச்சைப்பிள்ளை முகம் போல ஆகிவிடும். பெரிய ஆபீசர் மாதிரி வந்தவர்கூட எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவளை நோக்கித் தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். அந்த நேரத்தில் அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடித் தண்டைச் சூடான மணலில் காட்டி வளைப்பதற்கு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். ஓனர் அம்மா கேட்க மாட்டாள். "புதுசுல அப்படித்தான் இருக்கும், போட்டுப் பழகிடும்" என்று எல்லோருக்கும் ஒரே பதில். யாருக்கும் சொல்லலாம் அதை. கசகசாப் பாலும் அப்படித்தான். கல்லுப்பும் அப்படித்தான். அவள் குதிகால் வலி என்றதும் சாரல் எந்தக் கால் என்று கேட்டானா. பஸ் குலுங்கியது, பாத்திரத்தை அணைத்துக்கொண்டாள். நன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தாள். கேட்கவில்லை. அண்ணன்கூடக் கேட்கவில்லை, பாவம், எந்தக் காதில் பூண்டு எண்ணெய் விடுவது. ஆனால் மிஷின் கேட்கும் என்பான் நட்டுவாக்காலி. கேட்கும்தான். அடுத்த சாரல் இதையும் கற்றுக்கொண்டு வருவான், எந்தக் காது என்று கேட்டுக்கொண்டே வருவான். பார்த்தது நிஜமாக இருந்தும் உப்புமாவுக்கு அப்படி ஆகவில்லையா. மறுபடி ஊசிக் காது. மறுபடி இரண்டாகப் பிரிந்த நூல்.

"திருவெறும்பூர், திருவெறும்பூர்" என்று கண்டக்டர் கத்தி விசில் அடித்தார். மலைக்கோயில் விளக்கு ஜன்னலில் வந்துவிட்டது. கீரைக்காரம்மா எழுந்துகொண்டாள். சகாயராணி பாதி எழுந்து, பையை உயர்த்திப் பிடித்து, "இந்தப் பை யாருதுங்க?" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. காதடைப்பினால் இருக்கலாம். இன்னொரு முறை, சத்தமாக. "கடுகு கலர் சுடிதார்ப் பொண்ணு. ரசப் பாத்திரம்." யாரும் வரவில்லை. பின்னால் சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஃபோனைப் பார்த்தார்கள். நடுவில் எங்காவது இறங்கிப் போயிருப்பாளோ. மறந்துவிட்டாளோ. "எறங்குறீங்களா இல்லையாம்மா?" என்றார் கண்டக்டர். "இத ஒரு பொண்ணு குடுத்துச்சு, ஆளக் காணோம்." "சீட்டுல வச்சுட்டு எறங்குங்க. வந்து எடுத்துக்கும்." "சாஞ்சிரும்." "சாஞ்சா சாயுது, ரசம்தானே? வண்டி நிக்குதும்மா." கீரைக்காரம்மா படியிலிருந்து திரும்பி, "வச்சுட்டு வாங்க, தெரியாத ஆளு பைக்கு ஏன் தொங்குறீங்க" என்றாள். வைத்துவிட்டு இறங்கலாம். தப்பு ஒன்றும் இல்லை. யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. சீட்டில் வைத்தால் அடுத்த வளைவில் பாத்திரம் சரியும், மூடி கழலும், அது யாருக்கோ கொண்டு போகிற ரசம், மிளகு தூக்கலான ரசம், காய்ச்சல்காரருக்கோ ஆஸ்பத்திரிக்கோ. அவள் எதையும் தீர்மானிக்கவில்லை. முழங்கால்கள் தாமாக மடிந்தன. உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். அவளுடைய ஸ்டாப், அவள் தெரு திரும்புகிற மருந்துக்கடை, அதன் பச்சை விளக்கு எல்லாம் ஜன்னலில் பின்னால் போயின. வயிற்றுக்கு அடியில் ஃபோன் மறுபடி அதிர்ந்தது.

கணேசா ஸ்டாப் வருவதற்கு முன்னால் அந்தப் பெண் பின்பக்கத்திலிருந்து தடுமாறிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் ஜன்னல் கம்பியின் கோடு பதிந்திருந்தது. இருபத்து மூன்று, இருபத்து நாலு இருக்கும். "குடுங்கக்கா. கடைசி சீட்டுல எடம் கெடைச்சுச்சு, அப்படியே தூங்கிட்டேன். ராத்திரி பூரா முழிப்பு, அப்பாவுக்கு ஆப்பரேசன் ஆயிருக்கு." பையை வாங்கி மூடியைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு அப்படியே இருக்கே! நீங்க எங்கக்கா எறங்கணும்?" "திருவெறும்பூர்." "அய்யய்யோ, தாண்டிருச்சே!" "தெரியும்." அந்தப் பெண்ணின் முகம் அழப்போவதுபோல் ஆயிற்று. சகாயராணிக்கு அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "ஏம்மா, யாரு என்னன்னு தெரியாம பைய குடுத்துட்டு, கவலையே இல்லாமத் தூங்கினியா?" என்றாள். கொஞ்சம் கோபம் போலவே வந்துவிட்டது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்தபடி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "நீங்க வாங்கின ஒடனே பை வாயைத் தூக்கிப் புடிச்சீங்கல்ல? பாத்திரத்த நிமித்தினீங்க. அதப் பாத்தேன். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வந்துருச்சு." பஸ் நின்றது. இரண்டு பேரும் இறங்கினார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரிப் பக்கம் பாதி ஓட்டமாகப் போனாள். சகாயராணி அவள் பேரைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் கடந்து நின்றாள். தொடையில் பாத்திரம் இருந்த இடம் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, மற்ற இடமெல்லாம் காற்று. ஃபோனை எடுத்தாள். நட்டுவாக்காலி இரண்டு முறை எழுதியிருந்தான். 'அக்கா?' பிறகு, 'வேணாம்னா சொல்லிருங்க, நானே அவங்களுக்குப் பக்குவமா எழுதிடறேன்.' வாசலில் இரண்டாம்மாடி இன்று ஒன்றும் எழுதவில்லை. கடைசி நாளில் எழுதினால் கெஞ்சுவதுபோல் இருக்கும் என்று விட்டிருப்பாள். அல்லது அப்படித் தோன்ற வேண்டும் என்று விட்டிருப்பாள். தெரியாது. இந்தத் தெரியாது ராத்திரிக்குள் போகாது, ஒரு வருஷம் ஆனாலும் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. கை கொடுக்கிற பெட்டியைத் திறந்தாள். 'நீங்களே பார்த்த ஒன்று' என்று சாம்பல் நிறத்தில் மங்கலாக எழுதியிருந்தது. மிகவும் அன்பானவர் என்று ஆரம்பித்தாள், அழித்தாள். நகைச்சுவையாகப் பேசுவார், அழித்தாள். அன்பை அவள் பார்க்கவில்லை. அன்பு என்று நினைத்தாள், அவ்வளவுதான். பிறகு, நின்ற இடத்திலேயே, கடை ரசீது எழுதுகிற மாதிரி நிதானமாக எழுதினாள். 'எனக்குக் காது வலிக்கிறது என்று சொன்னபோது இவர் மருந்து சொல்லவில்லை. எந்தக் காது என்று கேட்டார்.' அனுப்பினாள். நட்டுவாக்காலி உடனே வந்தான். 'அவ்ளோதானாக்கா?' 'அவ்வளவுதான் பார்த்தேன்' என்று எழுதினாள். பிறகு, 'சரி. தொறந்துட்டேன்' என்று வந்தது.

எதிரே ஒரு பஸ் வெளிச்சத்தோடு வந்து, துவாக்குடிப் பக்கம் போவது, அவளுடையது இல்லை, கடந்து போனது. அது கிளப்பிய காற்று காதில் ஊசியாக இறங்கியது. இப்போது கை காலியாக இருந்தது. முந்தானையை எடுத்துத் தலையோடு சுற்றி, நுனியைத் தாடைக்குக் கீழே செருகிக்கொண்டாள். வாசலில் போய் மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்று, முந்தாநாள், அதற்கு முந்தின நாள். அந்தக் கேள்வி அங்கேயே நின்றுகொண்டிருந்தது, கீழே பதில் இல்லாமல். அதைத் தொட்டு, கட்டை விரலால் எழுதினாள்.

'இடது.'